குற்றவாளிக் கூண்டில் காற்றும் மழையும்



பேப்பரைப் பிரித்தால் ஏதாவது ஓர் ஊரில் புயல், ஏதாவது ஓர் ஊரில் வெள்ளம். தலைப்பு மட்டும் எப்போதும் ஒன்றுதான்... 'இயற்கையின் கோரத் தாண்டவம்', 'இயற்கையின் சீற்றம்'. எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். இந்த இயற்கை என்கிற ஆசாமியை யாராலும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, சம்மன் அனுப்ப முடியாது, ஜெயிலில் போடவும் முடியாது. அதனால்தான் எல்லாரும் அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்களோ?

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். ஏன் அமெரிக்கா? பணம், படிப்பு, மெஷின், என்ஜினீயர் எதற்கும் அங்கே பஞ்சம் கிடையாது. 'வசதி இல்லீங்க, அதான் காப்பாத்த முடியலை' என்று அவர்களால் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட தேசத்தில் புயலும் வெள்ளமும் ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றிருக்கிறது என்றால், கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாமா? நான் பார்த்தவரையில், நம்ம சிலபஸில் இருக்கிற சமாச்சாரங்கள்தான் ஒவ்வொன்றிலும் வந்து நிற்கின்றன. மதகு, கலிங்கு, ஷீட் பைல், ஃப்ரீக்வன்சி. அதனால்தான் இதை நம்ம மலரில் எழுதுகிறேன்.

முதலில் ஜான்ஸ்டவுன். பென்சில்வேனியா மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கில் இருக்கிற இரும்பு ஆலை ஊர். ஊருக்கு மேலே சுமார் 14 மைல் தூரத்தில் சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் ஒரு மண் அணை. உயரம் 72 அடி. பழைய காலத்தில் கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை போச்சு, அணையும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒரு பணக்காரர் கிளப்பிடம் வந்து சேர்ந்தது. மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் கிளப்! உறுப்பினர் பட்டியலில் ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்ற பெரும்புள்ளிகள்.

இப்போ சிவில் நண்பர்கள் கவனிக்கவும். அணையின் அடியில் தண்ணீரை வெளியேற்ற ஐந்து இரும்புக் குழாய்கள் இருந்தன. கிளப்புக்கு முன்னால் அந்த இடத்தை வைத்திருந்தவர் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். கிளப்காரர்கள் உடைப்பை அடைத்து அணையைச் சரிசெய்தார்களே தவிர, குழாயைத் திரும்பப் போடவில்லை. அதாவது மதகே இல்லாத அணை. ஏரியில் நீர் ஏறினால் இறக்குவதற்கு வழியே கிடையாது. சரி, கலிங்காவது ஒழுங்காக இருந்ததா? பாறையை வெட்டிச் செய்த கலிங்கு ஒன்று இருந்தது. காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் தப்பித்துப் போய்விடக்கூடாதே என்று அதன் குறுக்கே கம்பி வலை அடித்து வைத்தார்கள். குதிரை வண்டி போக வேண்டும் என்று அணையின் தலையைக் கொஞ்சம் சீவி இறக்கினார்கள். போதாததற்கு, பழைய உடைப்பை அடைத்த இடத்தில், நட்ட நடுவில், அணை லேசாக உள்வாங்கியும் இருந்தது. மண் அணையில் எந்த இடம் உயரமாக இருக்க வேண்டுமோ அந்த இடம் தாழ்வு!

இதை யாரும் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். 1880-ல் ஜான்ஸ்டவுன் இரும்பு கம்பெனி தன் என்ஜினீயர் ஜான் ஃபுல்டனை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. அவர் போய்ப் பார்த்துவிட்டு, வெளியேற்றும் குழாய் இல்லை, அடைத்த வேலையும் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார். கிளப்பிலிருந்து வந்த பதிலின் சாரம்: உங்களுக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை, கவலைப்படாதீர்கள். கம்பெனியின் தலைவர் டேனியல் மாரல், செலவில் ஒரு பங்கை நாங்களே தருகிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் மறுப்பு.

1889 மே 31. இரவெல்லாம் கொட்டின மழை. ஏரி ஏறிக்கொண்டே வருகிறது. கலிங்கில் வலை இருக்கிறதே... மரக்கிளை, குப்பை, செத்தை எல்லாம் அதில் வந்து அடைத்துக்கொண்டது. அங்கே ஜான் பார்க் என்று 23 வயசுப் பையன். கிளப்பில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு வந்த என்ஜினீயர். ஏறக்குறைய நம்ம வயசுதான்! ஆட்களைச் சேர்த்து அணைமேல் மண் போட்டு உயர்த்தினார்கள், பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டிப் பார்த்தார்கள், வலையைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஒன்றும் சரிப்படவில்லை. குதிரையில் ஏறி சவுத் ஃபோர்க் ஊருக்குப் பறந்து, கீழ் ஊர்களுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார். தந்தி போகத்தான் செய்தது. ஆனால் வருஷா வருஷம் மழைக்காலத்தில் 'அணை உடையப்போகுது' என்று கேட்டுக் கேட்டு அது ஊரில் ஜோக்காகவே ஆகிவிட்டிருந்தது. யார் நம்புவார்கள்?

மூணு மணி வாக்கில் உடைந்தது. இரண்டு கோடி டன் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஜான்ஸ்டவுனுக்குள் நுழைந்தபோது அது தண்ணீராக இல்லை. வீடு, மரம், ரயில் பெட்டி, முள்கம்பி எல்லாம் உருண்டு வந்த மலை. கல் பாலத்தில் வந்து குவிந்த அந்த இடிபாடு தீப்பிடித்து எரிந்தது, அதில் சிக்கினவர்கள் கதி... எழுதக் கை வரவில்லை. மொத்தம் செத்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்கள் பூண்டோடு போயின. கிளப்பின் மேல் வழக்குப் போட்டார்கள். ஒரு பைசா நஷ்டஈடு வாங்க முடியவில்லை. மழை பெய்தது கடவுள் செயலாம்! சரி, கடவுள் மழையைக் கொடுத்தார். மீன் வலையைக் கொடுத்தது யார்?

அடுத்து கால்வெஸ்டன். டெக்சாஸ் கரையோரம் ஒரு மணல் தீவு. 1900-ல் ஏறத்தாழ 38,000 ஜனம், பெரிய துறைமுகம், பணம் கொழிக்கிற ஊர். ஆனால் ஊரிலேயே மேடான இடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 9 அடிதான். கடல்சுவர் கட்டலாம் என்ற பேச்சு முன்பே வந்தது, கிடப்பில் போனது. அந்த ஊர் வானிலை அதிகாரி ஐசக் க்ளைன் 1891-ல் பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதினார். கால்வெஸ்டனைப் புயல் பெரிதாகச் சேதப்படுத்தும் என்று பயப்படுவது அபத்தம் என்பது அவர் கருத்து. படித்தவர், நேர்மையானவர், வேலையில் கெட்டிக்காரர். அவரே அப்படிச் சொன்ன பிறகு நகரசபைக்கு என்ன கவலை?

இதில் இன்னொரு கூத்து. புயல் முதலில் கியூபாவைக் கடந்து வந்தது. கியூபாவில் பெலென் ஆய்வுக்கூடத்து பாதிரிமார்கள் பல வருஷமாகப் புயலைப் பார்த்துப் பார்த்து அனுபவப்பட்டவர்கள். புயல் மேற்கே வளைகுடாவுக்குள் போகிறது என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் அப்போது கியூபா அமெரிக்க ஆதிக்கத்தில் இருந்தது. கியூபாக்காரர்கள் சும்மா பீதியைக் கிளப்புகிறார்கள் என்று சொல்லி, வானிலைச் செய்தியை அவர்கள் தந்தியில் அனுப்பவே வாஷிங்டன் தடை வாங்கி வைத்திருந்தது! வாஷிங்டன் கணிப்புப்படி புயல் ஃபுளோரிடா பக்கம் திரும்பி அட்லாண்டிக்குக்குப் போய்விடும். புயல் வாஷிங்டன் பேச்சைக் கேட்கவில்லை.

1900 செப்டம்பர் 8. கடல் 15 அடிக்கு மேல் எழும்பி வந்தது. மேட்டிடமே 9 அடி என்றேனே, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் கன்னிகாஸ்திரிகள் நடத்தின அநாதை இல்லம் ஒன்று. பிள்ளைகள் அடித்துக்கொண்டு போய்விடக்கூடாதே என்று, துணி காயப்போடும் கயிற்றால் தங்கள் இடுப்போடு பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள். பத்து சகோதரிகளும் 90 குழந்தைகளும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்று பையன்கள் மட்டும். க்ளைன் வீடும் இடிந்தது, அவர் மனைவியும் போய்விட்டார். ஊரில் இறந்தவர்கள் குறைந்தது 6,000 பேர், 8,000 என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்க சரித்திரத்தில் இதற்கு மேல் உயிர் வாங்கின இயற்கைப் பேரழிவு இன்றுவரை இல்லை.

ஆனால் கால்வெஸ்டன் கதையில் இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது. எனக்குப் பிடித்ததே அதுதான். மூன்று என்ஜினீயர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். அதில் ஒருவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். ரிட்டயர்டு ராணுவ என்ஜினீயர். கூட்டம் நடத்துகிற விதிமுறைகளைப் புத்தகமாகப் போட்டவரும் இவரேதான். நம்ம சங்கப் பொதுக்குழுவில் 'பாயின்ட் ஆஃப் ஆர்டர்' என்று எழுந்து நின்று கழுத்தறுக்கிற நண்பர்கள் இவருக்கு நன்றி சொல்லவும்!

அவர்கள் கொடுத்த பிளான் இரண்டே வரி. ஒன்று, 17 அடி உயரத்துக்குக் கான்கிரீட் கடல்சுவர். கடல் பக்கம் உள்வளைவாக இருக்கும், வருகிற அலை மேலே எறியப்பட்டுத் திரும்பும். இரண்டு, ஊரையே தூக்குவது. ஆமாம், தப்பாகப் படிக்கவில்லை, ஊரையே! இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்களை ஸ்குரூ ஜாக் வைத்துத் தூக்கினார்கள். கடலடி மணலை டிரெட்ஜரால் தோண்டி, தண்ணீரோடு குழைத்துக் குழாயில் அனுப்பி, வீட்டுக்கு அடியில் பாய்ச்சி நிரப்பினார்கள். தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். கடல் ஓரத்தில் உயர்த்தி, 1,500 அடிக்கு ஒரு அடி சரிவில் தீவின் பின்பக்கம் இறங்குகிற மாதிரி லெவல் எடுத்தார்கள். டிராம் தண்டவாளம், தண்ணீர்க் குழாய், எல்லாமே உயர்ந்தன. செயின்ட் பேட்ரிக் சர்ச் ஒன்றே 3,000 டன் எடை. 700 ஜாக் வைத்து ஐந்து அடி தூக்கினார்கள். மெக்கானிக்கல்காரர்கள் ஒருமுறை கண்ணை மூடிக் கற்பனை செய்து பாருங்கள், 700 ஜாக்கையும் ஒரே சீராகத் திருப்ப வேண்டும், எங்கேயாவது ஒரு ஓரத்தில் முந்தினால் சுவர் விரிசல் விட்டுவிடும். இந்த வேலை 1903-ல் தொடங்கி 1911 வரை நடந்தது. அதுவரை சனங்கள் எட்டுப் பத்தடி உயர மரப்பலகைப் பாலத்தில் நடந்துதான் கடைக்கும் சர்ச்சுக்கும் போனார்கள். வீட்டைத் தூக்குகிற செலவு அவரவர் பாக்கெட்டிலிருந்து. சும்மா சொல்லக்கூடாது, வைராக்கியக்காரர்கள். 1915-ல் அதே வலுவோடு இன்னொரு புயல் வந்தது. சுவர் நின்றது. ஆயிரக்கணக்கில் பிணம் விழவில்லை.

காற்றும் அதேதான், கடலும் அதேதான். மாறினது எது?

'எல்லாத்துக்கும் மனுஷனைக் குத்தம் சொன்னா எப்படிப்பா, சூறாவளிச் சுழலை யார் தடுக்க முடியும்?' என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. டொர்னேடோ என்கிற அந்தச் சுழல்காற்றை யாராலும் தடுக்க முடியாது. 1925 மார்ச் 18-ல் மிசௌரியில் தரை தொட்ட ஒரு டொர்னேடோ இல்லினாய்ஸைக் கடந்து இண்டியானா வரை 219 மைல் ஓடியது. மூன்றரை மணி நேரம். 695 பேர் பலி. மர்ஃபிஸ்போரோ என்ற ஒரே ஊரில் 234. டி சோட்டோவில் பள்ளிக்கூடம் இடிந்து 33 குழந்தைகள். இது காற்றின் வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைய வானிலை அறிக்கையில் 'டொர்னேடோ' என்ற வார்த்தையே இல்லை. ஏன் தெரியுமா? அந்த வார்த்தையை உபயோகிக்கவே கூடாது! 1880-களில் ஃபின்லி என்ற ராணுவக்காரர் இதை முன்கூட்டிச் சொல்ல முயற்சி செய்து கொண்டிருந்தார். சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடுவார்கள் என்று மேலிடம் அந்த வார்த்தையையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டது. ஐம்பது வருஷம் கிட்டத்தட்ட அப்படியே ஓடியது.

பிறகு உடைத்தது யார்? ஒக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளம். 1948 மார்ச் 20-ல் டொர்னேடோ அடித்து ஏகப்பட்ட விமானங்கள் நாசம். தளத்தின் வானிலை அதிகாரிகள் ஃபாபுஷ், மில்லர் இரண்டு பேரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஏன் முன்னால் தெரியவில்லை, தேடிப் பாருங்கள் என்று ஜெனரல் சொல்ல, பழைய சார்ட்டை எல்லாம் புரட்டினார்கள். ஐந்தே நாள் கழித்து, 25-ம் தேதி, சார்ட்டில் அதே அமைப்பு. ஜெனரல் கேட்டார், எச்சரிக்கை கொடுக்கப் போறீங்களா இல்லையா? ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் இரண்டாம் தடவையா, யாராவது சிரிப்பார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். விமானங்களைக் கட்டிப்போட்டு, ஆட்களை ஒதுக்கினார்கள். மில்லர், நம்ம உத்தியோகம் இன்னையோட தீர்ந்தது என்று நொந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் டொர்னேடோ மறுபடி அதே தளத்தின் வழியாகவே போனது. ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. தப்பாகிவிடுமோ என்ற பயத்தை முழுங்கிக்கொண்டு அவர்கள் கையெழுத்துப் போட்டதை நான் பெரிய வீரம் என்பேன்.

ஃபுளோரிடாவின் ஒக்கிச்சோபி ஏரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்குக் கட்டின கரை ஆறடி கூடத் தேறாத சேற்று வரப்பு. 1926 புயலிலேயே மூர் ஹேவன் ஊரில் உடைந்து காட்டியது. இரண்டு வருஷம் கழித்து, 1928 செப்டம்பர் 16-ல், மறுபடி உடைந்தது. குறைந்தது 2,500 பேர். பெரும்பாலும் காய்கறிப் பண்ணையில் கூலி வேலைக்கு வந்த கறுப்பினத்தவர்கள். வெள்ளைக்காரர்களின் உடலுக்குச் சவப்பெட்டி கிடைத்தது, கறுப்பினத்தவர் உடலை மொத்தமாகக் குழியில் போட்டு மூடினார்கள். பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. தாழ்வான இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கும், அங்கே கரை எத்தனை அடி போடுகிறார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராயில்லை.

இதெல்லாம் பழங்கதை, அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரா இருந்தது என்பீர்கள். 2005 ஆகஸ்ட் 29, கத்ரினா புயல். சாட்டிலைட் இருந்தது, கணிப்பு சரியாகவே இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் எண்பது சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. 17-வது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் வெள்ளத் தடுப்புச் சுவர் உடைந்தது. தண்ணீர் சுவர் உச்சியை எட்டியே இருக்கவில்லை! தாங்க வேண்டிய அளவுக்குக் குறைவான தண்ணீரிலேயே சாய்ந்துவிட்டது. 1985-ல் ஷீட் பைல் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று ராணுவ என்ஜினீயர் படை ஒரு சோதனை நடத்தியது. சுவருக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். பைல் சாயும்போது அதற்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும், அதற்குள் தண்ணீர் இறங்கித் தள்ளும். ஆனால் சோதனையில் தார்ப்பாய் விரித்திருந்ததால் அந்த இடைவெளி கண்ணில் படவில்லை. விளைவு? 31 முதல் 46 அடி வரை இறங்க வேண்டிய பைலுக்கு சுமார் 17 அடி போதும் என்று முடிவு கட்டினார்கள் என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு விளக்குகிறது. செலவு மிச்சமாச்சு. உயிர்ப்பலியை முதலில் 1,800-க்கு மேல் என்றார்கள், பிறகு 1,392 என்று திருத்தினார்கள்.

தங்கள் டிசைனில்தான் கோளாறு என்று படையின் தலைவரே 2006-ல் ஒத்துக்கொண்டார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும், ஜான்ஸ்டவுன் கிளப் இதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனபோது? வெள்ளத் தடுப்பு வேலையில் அரசாங்கத்தின் மேல் நஷ்டஈடு கேட்க முடியாது என்கிற 1928-ம் வருஷச் சட்டம் குறுக்கே நின்றது.

எலெக்ட்ரிகல் நண்பர்கள் 'எங்களுக்கு ஒண்ணும் இல்லையா' என்று முகம் சுளிக்க வேண்டாம். 2021 பிப்ரவரி, டெக்சாஸ். வெயிலுக்குப் பேர்போன மாநிலத்தில் கடும் பனிக்குளிர். காஸ் கிணறு உறைந்தது, பவர் ஸ்டேஷன் டிரிப் ஆனது. ஒரு அணு மின் நிலையத்தில் ஒரு யூனிட் நின்றதற்குக் காரணம், பிரஷர் அளக்கிற ஒரு சின்ன சென்சிங் லைனில் தண்ணீர் உறைந்ததுதான்! 15-ம் தேதி பின்னிரவில் ஃப்ரீக்வன்சி 60-லிருந்து 59.302-க்கு இறங்கியது. 59.4-க்குக் கீழே ஒன்பது நிமிஷம் நின்றால் ஜெனரேட்டர்கள் தானாகக் கழன்றுகொள்ளும். நாலு நிமிஷம் 23 விநாடி நின்றது. மிச்சம் இருந்தது நாலு நிமிஷம் 37 விநாடி. அது போயிருந்தால் மாநிலம் முழுக்க இருட்டு, திரும்ப எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கும். கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் லோடை வெட்டி வெட்டிக் காப்பாற்றினார்கள். ஆனால் வெட்டின லோடில் காஸ் அனுப்பும் நிலையங்களும் மாட்டிக்கொண்டன. அவை முக்கிய லோடு என்று பதிவே ஆகியிருக்கவில்லை. காஸ் நின்றதால் இன்னும் கரண்ட் போச்சு. அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குளிரில் விறைத்து.

இதே மாதிரி 2011-லும் ஒரு குளிர் வந்தது. அப்போதே ரிப்போர்ட் எழுதினார்கள். குழாய்க்கு இன்சுலேஷன் போடுங்கள், குளிர் தாங்குகிற மாதிரி நிலையங்களைத் தயார் செய்யுங்கள் என்று. கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டால் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது 2021 குளிருக்குப் பிறகு.

ஃபுல்டன் எழுதின ரிப்போர்ட்டுக்கும் அணை உடைந்ததற்கும் இடையே ஒன்பது வருஷம். டெக்சாஸில் பத்து வருஷம். எழுதுகிறவன் எழுதுகிறான், ஃபைல் தூங்குகிறது. படிப்பு முடிந்து சூப்பர்வைசராகவோ ஜூனியர் என்ஜினீயராகவோ போகும்போது, நம்மில் பாதிப் பேர் அந்த எழுதுகிறவன் இடத்தில்தான் இருக்கப்போகிறோம். 'பைல் 17 அடி போதும்பா' என்று மேலே இருந்து வரும். நம்மால் என்ன செய்ய முடியும் என்பது எனக்கும் சத்தியமாகத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு, வீட்டில் கடன் இருக்கிறது. ஆனால் பிறகு பேப்பரில் 'இயற்கையின் சீற்றம்' என்று போடும்போது, அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க மட்டும் என்னால் முடியாது என்று நினைக்கிறேன்.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மழை பெய்யாவிட்டால் வலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்கிறான். அவன் கட்சியில் சேர விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு வரலாம். டீ செலவு தோற்கிறவருடையது.